பாசி காக்கும் பனி: அலாஸ்காவின் உறைநிலம் எங்கே இருக்கிறது, ஏன் இருக்கிறது?

(புவியியல் மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நிலப்பட நூல்களில் வடதுருவத்தைச் சுற்றி வெளிர் நீலத்தில் ஒரு வளையம் தீட்டியிருப்பார்கள். அதன் ஓரத்தில் ஒரு கோடு. கோட்டுக்கு வடக்கே மண் உறைந்திருக்கும், தெற்கே உறைந்திருக்காது என்று பார்த்தவுடன் தோன்றும். உலகம் சூடேறச் சூடேற அந்தக் கோடு மெல்ல வடக்கே நகரும், அவ்வளவுதானே என்றும் தோன்றும். தூர வடக்கில், ஆர்க்டிக் கடலோரத்தில், இந்தக் கணக்கு பெரும்பாலும் சரிதான். ஆனால் அதற்குத் தெற்கே ஊசியிலைக் காடுகள் தொடங்கும் துணை ஆர்க்டிக் வட்டாரத்தில் இது செல்லாது. அங்கே ஒரே குன்றின் ஒரு சரிவு உறைந்து கிடக்கும், மறு சரிவு உறைந்திருக்காது. ஒரே காட்டில் இந்த மரத்தடியில் அரை மீட்டர் தோண்டினால் கடப்பாரை பனிக்கட்டியில் மோதும். நூறு அடி தள்ளிப் போய் எவ்வளவு தோண்டினாலும் மண்தான் வரும். இது ஏன் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒரு வரையறை. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழோ இருக்கும் நிலத்தைத்தான் ‘பெர்மாஃப்ராஸ்ட்’ என்கிறார்கள். நாம் உறைநிலம் என்று சொல்லிக்கொள்வோம். அதில் பனிக்கட்டி இருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை. வறண்ட பாறையும் கணக்கில் சேரும். அதன் மேல் கோடையில் இளகிக் குளிர்காலத்தில் மறுபடி உறையும் ஓர் அடுக்கு உண்டு. மரமும் செடியும் வேர்விடுவது அந்த இளகும் அடுக்கில்தான். ஒரு வட்டாரத்தின் நிலப்பரப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் உறைந்திருந்தால் அதைத் தொடர் உறைநிலம் என்பார்கள். 50 முதல் 90 விழுக்காடு என்றால் விட்டுவிட்டு அமைந்த உறைநிலம். 10 முதல் 50 வரை என்றால் அங்கங்கே சிதறிய உறைநிலம். அதற்கும் கீழே வெறும் திட்டுகள். நம் கதை நடப்பது இரண்டாவது வகை நிலத்தில்.

இடம், அலாஸ்காவின் உட்பகுதியில் உள்ள ஃபேர்பேங்ஸ். 1900-களின் தொடக்கத்தில் தங்கம் தேடி வந்தவர்கள் எழுப்பிய ஊர். ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே, ஏறக்குறைய 65 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் மைனஸ் 40-ஐத் தொடும் நாட்கள் உண்டு. கோடையில் 30 டிகிரி வெயிலும் அடிக்கும். ஜூன் பிற்பாதியில் பகல் 21 மணி நேரத்துக்கும் மேல். எல்லாம் சேர்த்து ஆண்டுச் சராசரி பார்த்தால் பூஜ்ஜியத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரிதான். வடக்குக் கடலோரத்தில் புருடோ விரிகுடாவில் உறைநிலம் 600 மீட்டருக்கும் மேல் ஆழம் போகிறது. அது எளிதில் அசையாது. ஃபேர்பேங்ஸ் உறைநிலமோ பல இடங்களில் பூஜ்ஜியத்துக்கு ஒரு டிகிரிகூடக் கீழே இல்லை. ஒரு சிறு தள்ளு போதும், இளகிவிடும்.

அப்படிப்பட்ட நிலத்தில் காற்றின் வெப்பநிலை கொடுப்பது அனுமதி மட்டுமே. ‘இங்கே உறைநிலம் இருக்கலாம்’ என்று அது சொல்லும். இருக்குமா, இராதா என்று முடிவு செய்பவை வேறு: சரிவு பார்க்கும் திசை, மண்ணின் மேல் படர்ந்த பாசி, பனி எப்போது எவ்வளவு விழுகிறது, மண்ணில் எவ்வளவு நீர், காடு எரிந்ததா இல்லையா. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சரிவை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் நண்பகல் சூரியன் தலைக்கு மேல் வந்துவிடுவதால் வடசரிவு, தென்சரிவு என்ற பேதம் அவ்வளவாகத் தெரியாது. ஃபேர்பேங்ஸில் நடுக்கோடையின் உச்சி வேளையிலும் சூரியன் 49 பாகைக்கு மேல் ஏறாது. தெற்கு பார்த்த சரிவில் வெயில் நேரே விழும். வடக்கு பார்த்த சரிவில் சாய்வாகத் தடவிக்கொண்டு போகும். தென்சரிவில் பிர்ச், ஆஸ்பென் போன்ற இலையுதிர் மரங்களும், ஊசியிலை மரமான வெள்ளை ஸ்ப்ரூஸும் உயரமாக வளரும். அடியில் உறைநிலம் இராது. வடசரிவில் நூறு வயதாகியும் ஆள் கை பருமன்கூட ஆகாத கறுப்பு ஸ்ப்ரூஸ் மரங்கள் நெருக்கமாக நிற்கும். அடியில் உறைநிலம் இருக்கும். காட்டின் நிறத்தைப் பார்த்தே கீழே உறைநிலம் இருக்கிறதா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

மலை ஏறினால் குளிரும் என்பது நாம் அறிந்த விதி. ஃபேர்பேங்ஸின் குளிர்காலத்தில் அது தலைகீழ். காற்றசைவு இல்லாத நீண்ட இரவுகளில் கனமான குளிர்காற்று பள்ளத்தாக்கில் இறங்கித் தேங்கிவிடும். குன்றின் மேல் இருப்பவர் வீட்டைவிடக் கீழே இருப்பவர் வீட்டில் பத்து டிகிரிக்கும் மேல் கூடுதலாகக் குளிரும் நாட்கள் சாதாரணம். அதனால் உறைநிலத்தைத் தேட வேண்டிய இடம் வடசரிவும் பள்ளத்தாக்கின் அடியும். ஆனால் பள்ளத்தாக்கிலும் ஆறு ஓடும் இடத்தில் உறைநிலம் கிடையாது. ஓடும் நீரும் ஆழமான ஏரியும் அடியில் உள்ள மண்ணை ஆண்டு முழுதும் உறையவிடாமல் வைத்திருக்கும்.

ஃபேர்பேங்ஸ் வட்டாரத்தின் டனானா ஆற்றங்கரையில் உறைநிலம் பிறப்பதையே பார்க்கலாம். ஆறு புதிதாக ஒதுக்கிய மணல் திட்டில் உறைநிலம் இராது. முதலில் வில்லோ, ஆல்டர் புதர்கள் வரும். பிறகு பாப்லர் மரம், அதன் பின் வெள்ளை ஸ்ப்ரூஸ். ஸ்ப்ரூஸின் நிழலில் பாசி பிடிக்கும். பாசி தடிக்கத் தடிக்கக் கோடை வெப்பம் உள்ளே இறங்குவது குறையும். கடைசியில் கறுப்பு ஸ்ப்ரூஸ் வரும்போது அடியில் உறைநிலம் உருவாகியிருக்கும். இதற்குத் தட்பவெப்பம் மாற வேண்டியதில்லை. மாறியது தரையின் போர்வைதான்.

பாசி என்றவுடன் நம் குளத்துப் பாசியை நினைக்க வேண்டாம். இது காட்டின் தரை முழுக்கப் படர்ந்த, கால் வைத்தால் கணுக்கால் வரை அமுங்கும் பச்சை மெத்தை. அதற்கடியில் மட்கியும் மட்காமலும் கிடக்கும் பழுப்பு நார், பீட் என்பார்கள். இரண்டும் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதற்கு நம் சென்னையிலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. மெரினா கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் கட்டடம் 1842-இல் ஐஸ் ஹவுஸாகக் கட்டப்பட்டது. பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்து, அங்கே சேர்த்து வைத்து விற்றார்கள். வெளியே மெட்ராஸ் வெயில். உள்ளே கட்டி கரையவில்லை. பாசியின் கோடைக்கால வேலை அந்த மரத்தூளின் வேலைதான்.

ஆனால் மரத்தூளுக்குத் தெரியாத ஒன்று பாசிக்குத் தெரியும். கோடையில் பாசி மேலே காய்ந்து கிடக்கும். காய்ந்த பாசியில் நிறைந்திருப்பது காற்று; அதன் வழியே வெப்பம் கீழே இறங்காது. இலையுதிர் கால மழையில் அது நனைந்து, பிறகு உறையும். பனிக்கட்டி தண்ணீரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே உறைந்த பாசி வழியே மண்ணின் வெப்பம் தடையின்றி மேலேறி வெளியே போய்விடும். கோடையில் மூடிய கதவு, குளிர்காலத்தில் திறந்து கிடக்கிறது. இந்த ஒருவழிப் பாதையால்தான் மண்ணின் மேற்பரப்பில் ஆண்டுச் சராசரி பூஜ்ஜியத்தைத் தாண்டினாலும் அடியில் உறைநிலம் உறைந்தே இருக்க முடிகிறது.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஃபேர்பேங்ஸின் ஃபார்மர்ஸ் லூப் சாலை அருகே 1946-இல் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் ஒரே மாதிரி மூன்று சதுர நிலங்களை அடுத்தடுத்து அளந்து பிரித்தார்கள். ஒவ்வொன்றும் பக்கத்துக்குச் சுமார் 60 மீட்டர். முதல் சதுரத்தில் கை வைக்கவில்லை. இரண்டாவதில் மரத்தையும் புதரையும் மட்டும் வெட்டி, பாசியை விட்டுவிட்டார்கள். மூன்றாவதில் பாசி வரை எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டார்கள். பிறகு ஆண்டுக்கணக்கில் கம்பியை இறக்கி அளந்துகொண்டே இருந்தார்கள். 26 ஆண்டுகளில் கை வைக்காத சதுரத்தில் உறைநிலம் இருந்த இடத்திலேயே இருந்தது. மரம் மட்டும் வெட்டிய சதுரத்தில் அதன் மேல்மட்டம் 4.7 மீட்டருக்கு இறங்கியிருந்தது. சுரண்டிய சதுரத்தில் 6.7 மீட்டர்.

இந்த மூன்று சதுரங்களுக்கும் ஒரே வானம், ஒரே மழை, ஒரே குளிர். அந்த 26 ஆண்டுகளில் காற்று எவ்வளவு சூடேறியிருந்தாலும் மூன்றுக்கும் ஒரே அளவுதான் ஏறியிருக்கும். ஒன்றில் உறைநிலம் பிழைத்தது, இரண்டில் பிழைக்கவில்லை. இரண்டாவது சதுரத்தைக் கவனியுங்கள். பாசியைத் தொடவே இல்லை. ஆனாலும் நிலம் இளகியது. நிழல் போனது, மரக்கிளைகள் தாங்கிய பனியெல்லாம் தரைக்கே வந்தது.

பனி தரைக்கு வந்தால் மண் குளிரத்தானே வேண்டும் என்று கேட்பீர்கள். இங்கேதான் பலரும் இடறுகிறார்கள். புதிதாய் விழுந்த பனியில் பெரும்பகுதி காற்று. மைனஸ் 35-இல் காற்று வீசும்போது அரை மீட்டர் பனிக்கு அடியில் மண் அவ்வளவு குளிராமல் தன் கோடை வெப்பத்தைப் பத்திரமாக வைத்திருக்கும். உறைநிலத்துக்குத் தேவை, குளிர்காலத்தில் அந்த வெப்பத்தை வெளியே விடுவது. பனி அதைத் தடுக்கிறது. அதனால் அக்டோபரிலேயே கனமாகப் பனி விழுந்துவிட்டால் உறைநிலத்துக்குக் கேடு. பனி தாமதமாக வந்து, அதற்குள் வெறும் தரையைக் குளிர் தாக்கிவிட்டால் நல்லது. வசந்தத்தில் பனி நீடித்துக் கிடந்தாலும் நல்லது. வெயிலைத் திருப்பி அனுப்பும். எவ்வளவு விழுந்தது என்பதோடு எப்போது விழுந்தது என்பதும் சேர்த்துத்தான் கணக்கு.

ஸ்வீடனின் வடகோடியில் அபிஸ்கோ அருகே இதற்கும் ஒரு சோதனை நடந்தது. உறைந்த பீட் நிலத்தின் மேல் 2005 முதல் குளிர்காலந்தோறும் வேலி நட்டார்கள். காற்று அடித்துவரும் பனி வேலியோரம் குவிந்து இரட்டிப்பானது. காற்றின் வெப்பநிலையில் எந்த மாற்றமும் செய்யவில்லை. ஆனாலும் வேலிக்குப் பின்னே மண் சூடேறியது, கோடையில் இளகும் ஆழம் கூடியது. இன்று ஆர்க்டிக் எங்கும் வெப்பம் கூடக் கூடப் புதர்கள் உயரமாக வளர்கின்றன. அந்தப் புதர்கள் ஒவ்வொன்றும் பனியைப் பிடித்து வைக்கும் வேலிதான்.

அடுத்தது நீர். ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்கச் செலவாகும் வெப்பத்தில், உருகிய அதே நீரைப் பூஜ்ஜியத்திலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். அதனால் பனிக்கட்டி நிறைந்த நிலம் எளிதில் இளகாது. வெப்பத்தை விழுங்கிக்கொண்டு பூஜ்ஜியத்தை ஒட்டியே ஆண்டுக்கணக்கில் நிற்கும். வெப்பமானியை மட்டும் பார்ப்பவர் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைப்பார். ஆனால் உள்ளே கட்டி கரைந்துகொண்டிருக்கும். சரளை மண்ணில் பனிக்கட்டி குறைவு. அது விரைவில் இளகும், இளகினாலும் தரை பெரிதாக அமுங்காது. ஃபேர்பேங்ஸ் பள்ளத்தாக்குகளில் பனியுகக் காற்று கொண்டுவந்து கொட்டிய நுண்வண்டல் பனிக்கட்டியால் நிரம்பியிருக்கிறது. அது இளகும்போது தரை உட்கார்ந்துவிடும்.

மழையும் சேர்ந்துகொள்கிறது. கோடை மழை வெதுவெதுப்பை மண்ணுக்குள் நேரே கொண்டுசெல்லும். காய்ந்து கிடக்க வேண்டிய பாசியை நனைத்து அதன் காப்பையும் கெடுக்கும். ஃபேர்பேங்ஸ் வானிலைப் பதிவில் 2014 மிக ஈரமான கோடை. அதையும் சேர்த்துச் சில ஆண்டுகள் பல வகைக் காடுகளில் அளந்தவர்கள், கூடுதலாகப் பெய்யும் ஒவ்வொரு சென்டிமீட்டர் மழைக்கும் மண் சுமார் 0.7 சென்டிமீட்டர் கூடுதலாக இளகுகிறது என்று 2020-இல் வெளியிட்டார்கள்.

நண்பர்களே, இத்தனை காரணிகளையும் ஒரு சட்டத்துக்குள் கொண்டுவந்தவர்கள் யூரி ஷூர், டொர்ரே ஜார்கென்சன் என்ற இரு அலாஸ்கா ஆய்வாளர்கள். 2007-இல் அவர்கள் உறைநிலத்தை அதன் காரணத்தைக் கொண்டு வகை பிரித்தார்கள். ஒரு முனையில், குளிர் மட்டுமே போதும் என்று நிற்கும் உறைநிலம். செடியைச் சுரண்டினாலும் அது மீண்டுவிடும். மறு முனையில், பழைய குளிர்க் காலம் விட்டுப்போன உறைநிலம். இன்றைய தட்பவெப்பத்தால் அதைப் புதிதாக உருவாக்க முடியாது. மேலே காடும் பாசியும் காப்பதால் மட்டும் இருக்கிறது. இடையிலும் சில படிகள் உண்டு. மறு முனையில் உள்ள அந்த வகை ஒருமுறை போனால் போனதுதான். துணை ஆர்க்டிக்கில் கவலைக்குரியது அதுவே.

அது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் ஃபேர்பேங்ஸிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் வடக்கே ஃபாக்ஸ் என்ற இடத்தில், 1960-களில் ராணுவப் பொறியாளர்கள் மலையடிவாரத்தில் குடைந்த சுரங்கப்பாதைக்குள் போக வேண்டும். இருபுறமும் சாம்பல் நிற வண்டல், கான்கிரீட் போல் இறுகி நிற்கிறது. அதன் நடுவே மேலே அகன்று கீழே கூராக இறங்கும் பனிக்கட்டி ஆப்புகள். கடுங்குளிரில் தரை வெடிக்கும். வசந்தத்தில் உருகிய நீர் அந்த வெடிப்பில் இறங்கி உறையும். மறு ஆண்டும் அதே இடம் வெடிக்கும். இப்படி ஆண்டுக்கு ஒரு மெல்லிய தகடாகச் சேர்ந்து வளர்ந்தவை அவை. சுவரில் அன்றைய புல்லின் வேர்கள் மட்காமல் நீட்டிக்கொண்டிருக்கும். பனியுகக் காட்டெருமை, மாமத் யானை ஆகியவற்றின் எலும்புகளும் உண்டு. வண்டலின் வயது 40,000 ஆண்டுகள் வரை போகிறது. மட்கத் தொடங்கும் பொருளின் வாடை மூக்கைத் துளைக்கும். வடக்கு உறைநிலங்களில் இப்படி அடைபட்டுள்ள கரிமம், இன்று காற்றுமண்டலத்தில் உள்ளதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இந்தக் காப்பை ஒரே நாளில் உரித்துவிடக் கூடியது நெருப்பு. 2004-இல் அலாஸ்காவில் சுமார் 27 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. பதிவான ஆண்டுகளில் அதுவே உச்சம். மரம் எரிவது கண்ணுக்குத் தெரியும். உறைநிலத்தின் தலைவிதி பாசி எவ்வளவு எரிந்தது என்பதில் இருக்கிறது. ஈரமான ஆண்டில் மேற்பாசி மட்டும் கருகும். சில பத்தாண்டுகளில் மீண்டும் தழைத்து, இளகிய மண் திரும்பவும் உறையும். வறண்ட கோடையின் பிற்பகுதியில் நெருப்பு மண் வரை இறங்கிவிட்டால் அங்கே ஸ்ப்ரூஸ் திரும்பி வருவதில்லை. பிர்ச்சும் ஆஸ்பெனும் முளைக்கின்றன. அவற்றின் உதிர்ந்த இலைகள் பாசியை மூடி அழுத்திவிடும். பாசி இல்லை, உறைநிலமும் இல்லை.

வெப்பமாதல் இந்தக் காரணிகளில் பலவற்றை ஒரே நேரத்தில் ஒரே திசையில் தள்ளுகிறது. நெருப்பு கூடுகிறது, மழை கூடுகிறது, புதர் கூடுகிறது. அதன் விளைவை 2018-இல் கண்டார்கள். வெதுவெதுப்பான, பனி மிகுந்த அந்தக் குளிர்காலத்தில் அலாஸ்காவின் பல கண்காணிப்பு நிலையங்களில், கோடையில் இளகிய மண் முழுதாக மீண்டும் உறையவில்லை. மேலே உறைந்த தட்டு, கீழே பழைய உறைநிலம், நடுவே ஆண்டு முழுதும் உறையாத ஓர் அடுக்கு. ‘தாலிக்’ என்பது அதன் பெயர். அது வந்துவிட்டால் குளிர்காலக் குளிர் கீழே எட்டுவதில்லை. பாசியின் குளிர்காலக் கதவு மூடிக்கொள்கிறது. அதற்குப் பின் இளகுவதற்குக் கோடைகூடத் தேவையில்லை.

நிலம் இளகுவதன் பலனை ஃபேர்பேங்ஸ் மக்கள் நெடுநாளாக அனுபவிக்கிறார்கள். சாலை அலை அலையாக மடிகிறது. மரங்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கும் காட்டைக் ‘குடிகாரக் காடு’ என்கிறார்கள். மண்ணைச் சுரண்டி வீடு கட்டி அடுப்பு மூட்டினால், வீட்டின் வெப்பமே தன் அடித்தளத்தைக் கரைக்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் வீட்டைத் தூண்மேல் தூக்கி, அடியில் குளிர்காற்று ஓட விடுகிறார்கள். கீழே ஜாக்கி வைத்து, வீடு சாயும்போது நிமிர்த்திக்கொள்கிறார்கள். 1977-இல் ஓடத் தொடங்கிய 1,287 கிலோமீட்டர் நீள அலாஸ்கா எண்ணெய்க் குழாய் பாதிக்கு மேல் தரைக்கு மேலே தூண்களில் போவதற்கும் இதுவே காரணம். பல தூண்களில் அமோனியா அடைத்த குழல்கள் இருக்கின்றன. குளிர்காலத்தில் மண்ணின் வெப்பத்தில் அமோனியா ஆவியாகி மேலேறும், குளிர்ந்து திரவமாகிக் கீழே இறங்கும். இப்படி வெப்பத்தை வெளியே கொட்டும். கோடையில் அந்தச் சுழற்சி தானாக நின்றுவிடும். பாசி காசில்லாமல் செய்த அதே ஒருவழி வேலையைப் பொறியாளர்கள் பெரும் செலவில் செய்திருக்கிறார்கள்.

முடிவாக, மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இனி ‘இவ்வளவு டிகிரி ஏறினால் இவ்வளவு உறைநிலம் போகும்’ என்று ஒரு வரைபடத்தைப் பார்த்தால் நம்புங்கள், ஆனால் பாதிதான் நம்புங்கள். அந்தக் கோடு எந்தச் சரிவின் மேல் போகிறது, அங்கே பாசி எவ்வளவு தடிமன், பனி எந்த மாதத்தில் விழுகிறது, கடைசியாக எப்போது எரிந்தது என்று கேளுங்கள். இவற்றில் பாசியின் தடிமன் போன்றவற்றைத் தரையில் போய்த்தான் அளக்க வேண்டும். விண்ணிலிருந்து பார்த்து முழுதாகச் சொல்ல முடியாது. அந்த வேலைக்கு ஆட்கள் இன்னும் குறைவாகவே இருக்கிறார்கள். உங்களில் சிலராவது அதற்கு வர வேண்டும். காற்றின் வெப்பத்தை இறக்க உலகமே சேர்ந்து உழைத்தாலும் பல பத்தாண்டுகள் ஆகும். பாசியைச் சுரண்டாமல் இருப்பதை இன்றைக்கே செய்யலாம்.